ஈரோட்டிலிருந்து இரண்டு கடல்: புதுச்சேரியா, கொச்சியா?

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை வருஷத்துக்கு ஒரு தடவை வந்துவிடும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் எந்தக் கடலுக்குப் போவது? ஈரோட்டுக்காரர்களுக்குக் கடல் எந்தப் பக்கமும் பக்கத்தில் இல்லை. கிழக்கே சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று போனால் சுமார் 280 கிலோமீட்டரில் புதுச்சேரி. மேற்கே அவிநாசி, வாளையார், பாலக்காடு, திருச்சூர் என்று போனால் சுமார் 290 கிலோமீட்டரில் கொச்சி. பத்து கிலோமீட்டர் வித்தியாசத்தை வைத்து யாரும் ஜெயிக்க முடியாது. நான் புதுச்சேரி கட்சி. மனைவி கொச்சி கட்சி. அம்மா, "எங்கியாவது உக்கார எடம் இருந்தாப் போதும் கண்ணு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார்.

இரண்டு ஊருக்கும் நாலைந்து தடவை போய் வந்தாயிற்று. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைத் தீர்த்துவிடுவோம். கடலில் இறங்கிக் குளிக்கலாம் என்று நினைத்துப் போனால் இரண்டு ஊருமே காலை வாரிவிடும். புதுச்சேரி பீச் ரோட்டில் பீச் இல்லை, கருங்கல்தான் கிடக்கிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களில் துறைமுகம் கட்டினார்கள். கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதைத் தெற்கிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. வடக்கே இருந்த ஊர்க் கடற்கரையைக் கடல் தின்றுவிட்டது. சாலையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். சில வருஷங்களுக்கு முன் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்து, தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். கால் நனைக்கலாம், அவ்வளவுதான். கொச்சியில் ஃபோர்ட் கொச்சி கடற்கரையும் அப்படித்தான். காயல் வாய் திறந்து கடலோடு சேர்கிற இடம் அது. மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக வந்து ஒதுங்கும். பையன் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா அப்பா அஞ்சாறு மணி நேரம் வந்தோம்?" என்றான்.

குளித்தே ஆக வேண்டும் என்றால் புதுச்சேரியில் சுண்ணாம்பாறு போட் ஹவுஸில் படகு ஏறி, ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள பாரடைஸ் பீச்சுக்குப் போகலாம். கொச்சியில் வைப்பின் தீவின் வடகோடியில் இருக்கும் செராய், நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், நடுவில் தென்னை. இந்த ஒரு விஷயத்தில் செராய்க்கே என் ஓட்டு. அதற்காகக் கட்சி மாறிவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

எந்த மாதம் என்று பாருங்கள்

எங்கள் சண்டையில் பாதியைக் காலண்டரே தீர்த்துவைக்கும். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால் இரண்டு ஊரின் மழையும் நேர் எதிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொச்சியில் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் ஊர் அது. அதே மாதங்களில் புதுச்சேரியில் வெயில், சாயங்காலத்தில் எப்போதாவது ஒரு இடிமழை. அக்டோபர் வந்ததும் கதை மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை புதுச்சேரியைப் பிடித்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் புயல் பயமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அந்த வாரம் ரூம் போட்டிருந்தவர்கள் பாடு என்ன ஆயிருக்கும்?

ஆகவே தீபாவளிக்கோ அரையாண்டு லீவிலோ புதுச்சேரி என்றால் வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆடி மாதம் கொச்சி என்றால் குடை மட்டும் போதாது, அறையிலேயே உட்காரும் பொறுமையும் வேண்டும். ஏப்ரல், மேயில் இரண்டு ஊருமே வேண்டாம். புதுச்சேரி மே வெயிலில் மதியம் தெருவில் நாய்கூட நடமாடாது. கொச்சியில் வெயில் கொஞ்சம் குறைவு, வியர்வை அதிகம். மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆனால் சட்டையைப் பிழிந்தவன் நான்.

ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு ஊரும் இதமாக இருக்கும். அந்த மாதங்களில்தான் சண்டை நிஜமாகவே சண்டை.

நடக்கிற ஊரும் மிதக்கிற ஊரும்

புதுச்சேரியை நடந்துதான் பார்க்க வேண்டும். பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. சாயங்காலக் கூட்டத்தை விடுங்கள், காலை ஐந்தே முக்காலுக்குப் போய் நில்லுங்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கல்தூண்களுக்கு நடுவே காந்தி சிலை, எதிரே பழைய கலங்கரை விளக்கம், கல்மேல் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள். கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும். அப்புறம் கரையோரத்து அரசு காபிக் கடையில் ஒரு காபி. காபி சுமார்தான். உட்காரும் இடத்துக்குத்தான் காசு.

வெள்ளையர் பகுதியின் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூவையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கல்யாண ஆல்பம் எடுக்க வருகிறவர்களால் சனிக்கிழமை அங்கே நடக்கவே முடியாது. வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். அந்தப் பெரிய வாய்க்கால்தான் அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த கோடு. நாற்றம் கொஞ்சம் வரும், மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். அந்தப் பக்கம் வைசியாள் வீதியில் வீடுகள் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். மரத்தூண் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதற்குக் கீழே திண்ணை. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று வீட்டுக்காரரே தெருவோரம் கட்டிவைத்த நிழல். இந்த வீதியைப் பழமை மாறாமல் புதுப்பித்ததற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது 2008இல் கிடைத்தது. மஞ்சள் சுவர் ஆளை வெளியே நிறுத்தும், திண்ணை உட்காரச் சொல்லும். எனக்குத் திண்ணை பிடிக்கும்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஆங்கிலேயர் கைக்கு எட்டாமல் 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார். அரவிந்தர் 1910இல் வந்து சேர்ந்ததும் அதே காரணத்தால்தான். பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் போலீஸ் நுழைந்து கைது செய்ய முடியாது. இன்று தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள் வேறு ஒரு விஷயத்துக்காக அந்த எல்லையைத் தாண்டுகிறார்கள். "பாண்டிக்குப் போறேன்" என்று ஆபீஸில் லீவு கேட்டால் எல்லோரும் ஒரு மாதிரிச் சிரிப்பதும் அதனால்தான்.

கொச்சி அப்படி நடக்கிற ஊரே இல்லை. எர்ணாகுளம் கரையில் ஒரு ஊர், ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எதிர்க்கரையில் இன்னொரு ஊர், நடுவே தூர்வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய வில்லிங்டன் தீவு, வடக்கே வைப்பின். எல்லாவற்றுக்கும் நடுவில் காயல். காரை எர்ணாகுளத்திலேயே விட்டுவிடுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ இந்த ஊரையே மாற்றிவிட்டது. பேட்டரியில் ஓடும் ஏசி படகு, 100 பேர் ஏறலாம். ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நாங்கள் போனபோது டிக்கெட் 40 ரூபாய். அரசின் பழைய படகு இன்னும் மலிவு, சில்லறைக் காசுதான். சத்தமும் டீசல் வாடையும் இலவசம். பையனுக்கு அதுதான் பிடித்தது.

ஃபோர்ட் கொச்சி கரையில் சீன வலைகள். தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், கிட்டே போய் நில்லுங்கள். ஒவ்வொன்றும் பெரிய மரச்சட்டம். ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட கற்கள். நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும், வலை சொட்டச் சொட்ட மேலே வரும். ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது, அதே எடைக்கு எடை கணக்குதான். நாங்கள் பார்த்த தடவை வலையில் வந்தது ஒரு கை மீனும் ஒரு தண்ணீர் பாட்டிலும். மீனை நம்பி இப்போது வலை ஓடவில்லை. கூப்பிட்டுக் கயிறு இழுக்கச் சொல்லி, கடைசியில் ஏதாவது கொடுங்கள் என்பார்கள். கொடுத்துவிடுங்கள், மரச்சட்டத்தைப் பராமரிப்பது சும்மா இல்லை.

செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தில் 1524இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்தார்கள். பிறகு எலும்பைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. எனக்கு அந்தக் கல்லைவிட மேலே தொங்கும் துணி விசிறிகள்தான் சுவாரசியம். வெளியே உட்கார்ந்து ஒருவர் கயிற்றை இழுக்க, உள்ளே துரைமார் காற்று வாங்கியிருக்கிறார்கள்.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் ஆலயம். தரையில் நீலம் தீட்டிய சீன ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. உட்கார்ந்து பார்த்தால் ஒன்று போல் இன்னொன்று இல்லை. முதல் தடவை நாங்கள் சனிக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தோம். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. பக்கத்து டச்சு அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஆகவே மட்டாஞ்சேரியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2012இல் தொடங்கிய பினாலே என்ற கலைக் கண்காட்சி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, டிசம்பரிலிருந்து மார்ச் வரை நடக்கும். அந்தச் சமயம் போனால் பழைய மிளகு, இஞ்சிக் கிடங்குகளுக்குள் ஓவியமும் சிற்பமும் பார்க்கலாம். பாதி எனக்குப் புரியவில்லை. கிடங்குகள் அருமை.

யாரும் அதிகம் சொல்லாத ஒரு இடம், ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் உள்ள சலவைக்கூடம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். கஞ்சி போட்ட வேட்டியை முறுக்கிய கயிற்றின் இடுக்கில் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப் கிடையாது. அங்கே ஒரு அம்மாள் எங்களிடம் பேசிய தமிழில் பாதி மலையாளம் கலந்திருந்தது. ஆனால் "சாப்டீங்களா?" என்று கேட்டது சுத்தத் தமிழ்.

சாப்பாடு, ரூம், வழி

சாப்பாட்டில் போட்டியே இல்லை, கொச்சிதான். வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன், கப்பையும் மீன்குழம்பும், மட்டாஞ்சேரி பிரியாணி. புதுச்சேரியில் பிரெஞ்சு உணவகங்களின் விலையைப் பார்த்தால் பசியே போய்விடும். ஆனால் அங்குள்ள பேக்கரிகள் நன்றாக இருக்கும். காலையில் சூடாக வரும் குரோசாந்தை நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகை விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி, வெயிலில் காயவைக்கும் நம் வடகம், இந்த ஊர் வழியாகத்தான் பிரான்சுக்குப் போய் 'வடுவான்' ஆனது. பெரிய மார்க்கெட்டில் கேட்டால் கிடைக்கும், ஊருக்கு வாங்கி வாருங்கள். ஆனால் புரட்டாசியில் கொச்சி போகாதீர்கள். மீன் வாசத்தில் விரதம் இருப்பது கொடுமை.

வார இறுதியில் சென்னையும் பெங்களூரும் சேர்ந்து புதுச்சேரியில் வந்து இறங்கும். வெள்ளிக்கிழமை ஒரு விலை சொன்ன லாட்ஜ், சனிக்கிழமை அதையே இரண்டு மடங்காகச் சொன்னது எங்களுக்கு நடந்தது. கார் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும். ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் திரும்ப முடிந்தால் அதே ஊர் வேறு ஊராக இருக்கும். கொச்சி பெரிய ஊர், கூட்டத்தை விழுங்கிக்கொள்ளும். ரயிலிலும் எர்ணாகுளம்தான் வசதி. ஈரோட்டிலிருந்து வண்டிகள் நிறைய உண்டு. சாலையில் குதிரான் சுரங்கப்பாதை திறந்தபின் திருச்சூர் வரை நிம்மதி, அங்கமாலியிலிருந்து இடப்பள்ளி வரைக்கும் பொறுமை வேண்டும்.

என் கணக்கு இதுதான். இரண்டு நாள் என்றால் புதுச்சேரி. கொச்சியை இரண்டு நாளில் பார்த்தால் கரை மாறி மாறியே பொழுது போய்விடும். மூன்று நாள் முழுதாக இருந்தால் கொச்சி. அம்மாவுக்கு முட்டிவலி இருப்பதால், மேடு பள்ளம் இல்லாத புதுச்சேரிதான் அவருக்குச் சரி என்று வெகுநாள் வாதாடிவந்தேன். போன ஜனவரியில் கொச்சி போனோம். வாட்டர் மெட்ரோவின் மிதவையும் படகும் ஒரே மட்டத்தில் இருந்தன. யார் கையையும் பிடிக்காமல் அம்மா உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சீன வலையும் வாஸ்கோவின் கல்லும் அவருக்கு வேண்டாம். நாங்கள் சுற்றிவிட்டு வரும்வரை துறையிலேயே இருந்துகொள்கிறேன் என்றார்.

நேற்று ராத்திரி மறுபடி பேச்சு எழுந்தது. நான் புதுச்சேரி என்று வாயெடுப்பதற்குள் டிவி பக்கமிருந்து குரல் வந்தது: "அந்தப் படகுக்கே டிக்கெட் போடு கண்ணு. எறங்காம அப்படியே திரும்பி வந்தரலாம்."