மூன்றடுக்கு ஸ்டீமரில் மல்லாட்டைத் தமாலெஸ்

பாத்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர். முப்பது சென்டிமீட்டர் அகலம். அடியில் ஒரு பானை, அதன்மேல் ஓட்டை போட்ட தட்டு மூன்று, உச்சியில் கண்ணாடி மூடி. புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் 2,650 ரூபாய் சொன்னார்கள், 2,400-க்கு முடிந்தது. கம்பெனி பேரையும் கடைப் பேரையும் எழுதப்போவதில்லை. கீழே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

இட்லிக்காக இதை வாங்கவில்லை. இட்லிக்கு என் மாமியார் கொடுத்த அலுமினியக் குண்டான் இருக்கிறது, முப்பது வருஷமாக உழைக்கிறது. இது தமாலெஸுக்காக வாங்கியது. "தமால்ஸா? அது என்னங்க, மருந்து பேரு மாதிரி இருக்கு" என்றாள் வீட்டில்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். கப்பலில் மெஸ்மேனாக ஏறி செகண்ட் குக்காக இறங்கியவன். கூட இருந்த சீஃப் குக் பிலிப்பைன்ஸில் பம்பாங்கா மாகாணம், பாக்கோலோர் என்ற ஊர். கூயா என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னை 'தம்பி' என்பார், அந்த ஒரு தமிழ் வார்த்தையை மட்டும் சுத்தமாகச் சொல்லுவார். பாக்கோலோர், கடலூர் என்று அடுக்கிச் சொல்லி, ரெண்டும் ஒரே தாலுகா என்று சிரிப்போம். பம்பாங்காவில் சமையல் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பது அவர் அடிக்கடி விடும் பீலா. ஆனால் பிலிப்பைன்ஸில் சாப்பாட்டுக்குப் பேர்போன மாகாணம் அதுதான். தமாலெஸுக்கு அவர்கள் மொழியில் 'போபோட்டு' என்று தனிப் பேரே இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கிண்டி, பாதியை வெள்ளையாகவும் பாதியை ஆரஞ்சு நிறமாகவும் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வாழை இலையில் பரப்பி, மேலே கோழிக்கறி, உப்பில் ஊறிய வாத்து முட்டை வைத்துக் கட்டி அவிப்பது. இனிப்பும் உப்பும் சேர்ந்தே இருக்கும். இலையடையும் கொழுக்கட்டையும் ஒரு வீட்டில் பெண் எடுத்த மாதிரி இருக்கும்.

கப்பலில் வாழை இலைக்கு எங்கே போவது? அலுமினியத் தாளில்தான் கட்டுவோம். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பதில் டின்னில் வரும் பீனட் பட்டர். அதனால் ஆறு வருஷம் தின்றும் உண்மையான ருசி எனக்குத் தெரியாது. இங்கே வந்து, நெருப்பில் வாட்டிய இலையில் கட்டி முதல்தடவை பிரித்தபோதுதான் தெரிந்தது. பாதி ருசி இலையில் இருக்கிறது.

அளவு என் கணக்கு இது: அரைக் கிலோ பச்சரிசி, இரண்டு பெரிய தேங்காய், கோழி வேகவைத்த தண்ணீர் அரை லிட்டர், வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை ஒரு பெரிய டம்ளர், சர்க்கரை, உப்பு, மிளகுத்தூள். அரிசியை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து மில்லில் கொடுத்து நைஸாக அரைத்துக்கொள்ள வேண்டும். ரவை மாதிரி அரைத்தால் காரியம் கெட்டது. இரண்டாம் பாலும் கோழித் தண்ணீரும் கொதிக்கும்போது, ஆறின பாலில் கரைத்த மாவை ஊற்றிக் கிண்ட வேண்டும். இங்கேதான் வேலை. முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காது, கூழ் மாதிரி கிடக்கும். திடீரென்று துடுப்பு கனக்கும். அப்போது கை நின்றால் அடி பிடிக்கும். முதல் பாலை ஊற்றி, சட்டியை விட்டு ஒட்டாமல் சுருண்டு வரும்வரை, அல்வாவுக்குக் கிண்டுகிற மாதிரி கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஓரத்தில் மினுமினுவென்று பிரிந்தால் இறக்கிவிடலாம். அரைத்த மல்லாட்டையைப் பாதி மாவில் சேர்த்து, அதற்குத்தான் நிறம் கொடுக்க வேண்டும்.

நிறத்துக்கு அச்சுவேத்தே விதை. நம் ஊரில் நர்சரிக்காரர்கள் லிப்ஸ்டிக் மரம் என்று விற்கிறார்களே, முள்முள்ளாகச் சிவப்புக் காய் காய்க்குமே, அதன் விதை. வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் ஆரஞ்சு இறங்கும். கேசரிப் பவுடர் போட்டாலும் நிறம் வரும்தான், அதைச் செய்யாதீர்கள். இணையத்தில் ஒரு பொட்டலம் வாங்கினேன், ஒரு வருஷம் வெயிலில் கிடந்த விதை போல, கசக்கக் கசக்கப் பழுப்புத் தண்ணீர்தான் வந்தது. பிறகு ஆரோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் கேட்டு ஒரு பை நிறையக் காய் வாங்கிவந்தேன். காசே வாங்கவில்லை.

வாத்து முட்டையை மூன்று வாரத்துக்கு முன்பே உப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். முதல் வாரமே வீட்டில் ஜாடியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். அது வேறு கதை.

இலைக்குப் பெரிய மார்க்கெட். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் போகாதீர்கள், நுனி இலை கிடைக்காது, கிடைத்தாலும் கல்யாண வீட்டுக்காரர் விலைதான். நமக்கு நுனி வேண்டியதில்லை, அகலமான ஏடு போதும். நடு நரம்பைச் சீவிவிட்டு அடுப்பில் காட்டினால் பச்சை கறுத்துப் பளபளக்கும், பிறகு எப்படி மடித்தாலும் கிழியாது. வாழைநாரால் கட்டு. அரைக் கிலோ மாவுக்கு இருபத்தொரு பொட்டலம் வந்தது, ஒரு தட்டுக்கு ஏழு. இந்தக் கணக்குக்குத்தான் மூன்றடுக்கு வேண்டியிருந்தது.

சரி, பாத்திரம் எப்படி? முதல் நாள் மோசம். "அண்ணே, ஒன்றரை லிட்டர் தண்ணி தாராளம்" என்று கடைப் பையன் சொன்னதை நம்பினேன். தமாலெஸ் ஒரு மணி நேரம் அவிய வேண்டும். நாற்பத்தைந்து நிமிஷத்தில் தீய்ந்த வாசனை. அடிப் பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை, உள்ளே நீலமும் பழுப்புமாகக் கோலம் போட்டிருக்கிறது. வாங்கி இரண்டாம் நாள். புளி போட்டுத் தேய்த்தும் இன்றுவரை முழுசாகப் போகவில்லை. மூன்று லிட்டர் ஊற்றுங்கள். அதோடு ஒரு ரூபாய்க் காசு ஒன்றைக் கழுவி அடியில் போடுங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிற வரை கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும், சத்தம் நின்றால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். கூயா கப்பலில் பெசோ காசு போடுவார். அதை மறந்ததற்கு எனக்கு இந்தத் தண்டனை.

இரண்டாவது குறை மூடி. கண்ணாடி, பார்க்க அழகு, ஆனால் தட்டை. ஆவி அதில் முட்டி நீராகி நேராகப் பொட்டலத்தின்மேல் சொட்டுகிறது. நம் இட்லிக் குண்டான் மூடி கோபுரம் மாதிரி குவிந்திருப்பது சும்மா அழகுக்கில்லை, நீர் ஓரமாக வழிந்து இறங்கத்தான். மேல்தட்டு ஏழும் நசநசத்துப் போயின. போட்டோ எடுத்துக் கூயாவுக்கு அனுப்பினேன். இப்போது ஊரோடு இருக்கிறார். படத்தைப் பார்த்ததும் வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, மூடித் தண்ணீர்!" வேறொன்றும் சொல்லவில்லை. மறுமுறை மூடியில் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டினேன், பிரச்சினை தீர்ந்தது. 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டு வேட்டியையும் என்னையே கொண்டுவரச் சொல்வது நியாயமா என்பதைக் கம்பெனிக்காரர்கள் யோசிக்கட்டும்.

நல்லதும் சொல்ல வேண்டும். அடி கனம், ஆடாது. தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருகின்றன, நடுவில் ஆவி பீறிடுவதில்லை. மேல்தட்டு வேக மட்டும் பத்து நிமிஷம் கூடுதலாகிறது, பாதியில் தட்டுகளை மாற்றி அடுக்கிவிட்டால் போதும்.

இதை இவ்வளவு மெனக்கெட்டுச் செய்வதற்கு இன்னொரு காரணம் மல்லாட்டை. ஒருநாள் கப்பலில் கூயா கடலையை உரித்துக்கொண்டே, உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்றார். மல்லாட்டை என்றேன். அப்படியென்றால்? மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து அப்படி ஆனது, எங்கள் பக்கத்து விவசாயி இப்போதும் 'மணிலா போட்டிருக்கேன்' என்றுதான் சொல்வார் என்றேன். அவர் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டார். "மணிலாவா? நாங்களே அதை மணிலா என்று சொல்ல மாட்டோமே, மனி என்போம்!"

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் பிறந்தவனுக்கு மல்லாட்டை சொந்த மண்ணின் பயிர் என்றே நினைப்பு. விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையமே வைத்து வி.ஆர்.ஐ. என்று ரகம் ரகமாக வெளியிடுகிறார்கள், புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆன காலமும் இருந்தது. ஆனால் அது தென்னமெரிக்கப் பயிர். 1565-லிருந்து 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மணிலாவிலிருந்து பட்டும் பீங்கானும் போக, அங்கிருந்து வெள்ளி வந்தது. வெள்ளியோடு மல்லாட்டை, அச்சுவேத்தே, தமாலெஸ் எல்லாம் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தன. மெக்சிகோவின் நாவாத்ல் மொழியில் அது 'தமால்லி'. அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்து, பன்றிக்கொழுப்புப் போட்டுப் பிசைந்து, சோளக் கதிரின் தோகையில் சுற்றுவார்கள். மணிலாவில் கரையேறியதும் சோளம் போய் அரிசி வந்தது, கொழுப்பு போய்த் தேங்காய்ப்பால் வந்தது, தோகை போய் வாழை இலை வந்தது. பேர் மட்டும் மாறவில்லை. வாழை மரமோ எதிர்த்திசையில் போயிருக்கிறது. ஆசியாவிலிருந்து அமெரிக்கா போய், இன்று மெக்சிகோவின் வாஹாகா பக்கம் அவர்களே வாழை இலையில் தமாலெஸ் கட்டுகிறார்கள்.

எங்கள் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையிலிருந்தும் அந்தக் காலத்தில் மணிலாவுக்குத் துணி போயிருக்கிறது. போன கப்பல் சும்மா திரும்பியிருக்காது என்று நினைத்துக்கொள்வேன். அதில்தான் மல்லாட்டை வந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். பேர் மணிலாவைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பிலிப்பைன்ஸிலும் ஊருக்கு ஊர் தமாலெஸ் மாறும். கவீத்தேயில் ஒரு மாதிரி, பத்தாங்காஸில் இபான் என்ற ஊரில் ஒரு மாதிரி. கூயாவுக்குப் பாக்கோலோர் தவிர மற்றதெல்லாம் மட்டம். 1991-இல் பினாதுபோ எரிமலை வெடித்து, 1995 மழையில் அந்தச் சாம்பல் சேறாக இறங்கி அவர் ஊரை மூடியது. சான் கில்லர்மோ தேவாலயம் பாதி உயரம் புதைந்துபோய், ஜன்னல் வழியாக உள்ளே நடந்து போகலாம் என்பார். அவர் அம்மாவின் வீடும் அந்தச் சேற்றுக்குள். அம்மாவின் மாவரைக்கும் கல்லும் அதற்குள்.

2004 கிறிஸ்துமஸுக்குக் கப்பலில் தமாலெஸ் செய்தோம். மறுநாள் ரேடியோ அறைக்குக் கூப்பிட்டார்கள். சுனாமி. எங்கள் வீடு அப்போது சிங்காரத்தோப்பில் இருந்தது. ஆட்கள் தப்பித்தார்கள், வீடு போயிற்று. அது தெரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கூயா எனக்கு ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சமிருந்த தமாலெஸை வில்லை போட்டு, சட்டியில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுகவிட்டு, வேளாவேளைக்கு என் முன்னால் வைத்தார். தின்றேன்.

பாத்திரம் வாங்கலாமா என்று கேட்டால்: வீட்டில் பெரிய இட்லிக் குண்டான் இருந்தால் வேண்டாம். ஒரு ஈடு முடித்து இன்னொரு ஈடு வைத்துக்கொள்ளலாம், மூடியும் அதில்தான் சரி. நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற பழக்கம் இருந்தால், விலையை 2,200-க்குக் கீழே இறக்கி வாங்குங்கள். மூடிக் கைப்பிடியின் திருகு நாலாவது தடவையிலேயே கழன்றது. கடைக்குக் கொண்டுபோனேன், பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள், அது அவர்கள் கணக்கில் நல்லது.

இப்போது மேல்தட்டில் பேத்திக்கு இடியாப்பம், கீழே சர்க்கரைவள்ளி என்று வீட்டில் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். தமாலெஸ் மாசம் ஒருமுறைதான். இருபத்தொன்றில் பத்துப் பன்னிரண்டு தெருவுக்குப் போகும். மிச்சத்தை மறுநாள் காலை தோசைக்கல்லில் போடுவேன். வெண்ணெய் இல்லை, நல்லெண்ணெய்தான். ஓரம் முறுகும்போது மல்லாட்டை வாசனை தனியாக எழும். அதற்குப் பேத்தி மட்டும் தட்டோடு முதலிலேயே வந்து உட்கார்ந்திருப்பாள், உப்பு முட்டையை எனக்குத் தள்ளிவிடுவாள்.