கல்சட்டிக் கடையில் வெளியார் விளம்பரம்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

சேலத்தில் நாங்கள் நடத்துவது சிறிய கடை. கல்சட்டி, இரும்பு தோசைக்கல், பணியாரக்கல் என்று பாதி வியாபாரம் எங்கள் இணையக் கடை வழியாக நடக்கிறது. 2022 கடைசியில் அந்தத் தளத்தில் வெளியார் விளம்பரங்களுக்கு இடம் கொடுத்தோம். 2024 நடுவில் எடுத்துவிட்டோம்.

தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் விலை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். போகிறவர் ஒரு விளம்பரத்தைத் தட்டிவிட்டுப் போனால் நாலு காசு வருமே என்றுதான் ஆரம்பித்தோம். விளம்பரங்களைக் கொண்டுவந்து போடும் நிறுவனத்திடம் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். எங்களுக்கு முதல் 100 சேர ஏழு மாதம் ஆனது. ஏறத்தாழ எட்டாயிரம் ரூபாய்.

பக்கத்தில் உள்ள சொற்களையும், வந்தவர் முன்பு எதையெல்லாம் தேடினார் என்பதையும் வைத்து விளம்பரம் தானாகத் தேர்வாகிறது. வினை அங்கேதான். கல்சட்டிப் பக்கத்துக்குப் பொருத்தமான விளம்பரம் எது? இன்னொரு கல்சட்டிக் கடை. ஒருவரைத் தளத்துக்கு வரவழைக்க நாங்களே வேறிடத்தில் பணம் கட்டி விளம்பரம் செய்கிறோம். வந்தவரைச் சில்லறைக்கு ஆசைப்பட்டு அடுத்த கடைக்கு அனுப்பிவைத்தோம். போட்டிக் கடைகளின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தடுக்கலாம். தடுத்தேன். மறுநாள் வேறு பெயரில் ஒன்று வந்து நிற்கும். நம் தளத்து விளம்பரத்தை நாமே தட்டக் கூடாது என்பது விதி. மீறினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். என் கடைக்குள் ஒரு கதவு. அது எந்தத் தெருவில் திறக்கிறது என்று நானே திறந்து பார்க்க முடியாது!

செல்பேசியில் இன்னொரு தொல்லை. ‘கூடையில் சேர்’ பொத்தானை நோக்கி விரல் இறங்கும் நொடியில் மேலே விளம்பரம் வந்து உட்காரும். பக்கம் கீழே நகரும். விரல் விளம்பரத்தில் படும். அம்மாவிடம் கொடுத்து ஒரு தோசைக்கல் வாங்கச் சொன்னேன். மூன்று முறையும் வேறெங்கோ போய்விட்டு, “பேசாமல் கடைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்று செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விளம்பரத்துக்கான இடத்தை முன்பே ஒதுக்கிவைத்தால் இந்தக் குலுக்கல் குறையும் என்பதைப் பிற்பாடு கற்றுக்கொண்டேன்.

பெரிய கடைகள் செய்கின்றனவே என்று நண்பர்கள் கேட்பார்கள். அமேசான் 2024இல் விளம்பரத்தில் மட்டும் 5,600 கோடி டாலர் ஈட்டியது உண்மைதான். ஆனால் அங்கே விளம்பரம் கொடுப்பவர்களில் மிகப் பலர் அதே கடையில் சரக்கு விற்பவர்கள். எதைத் தட்டி வாங்கினாலும் பணம் விழும் கல்லா ஒன்றுதான். எங்கள் கதை அப்படியில்லை.

விளம்பரங்களை எடுக்கவைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. கோயம்புத்தூரிலிருந்து வயதான அம்மா ஒருவர். “பணம் கட்டி இருபது நாள் ஆகிறது தம்பி, சட்டி இன்னும் வரவில்லை” என்றார். ஆர்டர் எண்ணைக் கேட்டேன், எங்களுடையது அல்ல. எங்கள் பக்கத்தில் வந்த விளம்பரத்தைத் தட்டிப் போய் யாரிடமோ வாங்கியிருக்கிறார். “உங்கள் கடையில் பார்த்துத்தானே வாங்கினேன்?” என்று கேட்டார். நுகர்வோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளை மத்திய அரசு 2023 நவம்பரில் பட்டியலிட்டது. விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாதபடி காட்டுவதும் அதில் ஒன்று. எங்கள் விளம்பரப் பெட்டியின் மூலையில் ‘விளம்பரம்’ என்று கடுகளவு எழுத்தில் போட்டிருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிறிய கல்சட்டி ஒன்றை எங்கள் செலவில் அனுப்பிவிட்டு, அன்று இரவே விற்பனைப் பக்கங்களிலிருந்து எல்லாவற்றையும் நீக்கினேன்.

கல்சட்டியில் விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, சூடான கஞ்சி ஊற்றிப் பழக்கும் முறையை எழுதியிருக்கும் பக்கத்தில் மட்டும், அடியில் ஒரு பெட்டியை விட்டுவைத்திருக்கிறேன். அங்கே வருபவர் படிக்க வருகிறார், சட்டி ஏற்கெனவே அவர் வீட்டில் இருக்கிறது. நட்டமில்லை என்று ஒரு கணக்கு. நேற்று திறந்து பார்த்தேன். நான்ஸ்டிக் தவா, பாதி விலை, பழக்கவே தேவையில்லையாம்.