பி.ஏ. மியூசிக், எம்.ஏ. மியூசிக்: அஞ்சு வருஷம் படிச்சேன், எட்டு வருஷமா அதுலதான் பொழப்பு

2012ல ப்ளஸ் டூ முடிச்சப்ப கைல பி.காம் சீட் இருந்துச்சு. நான் மியூசிக்தான் படிப்பேன்னு ஒத்த கால்ல நின்னேன். மாயவரத்துல எங்க வீட்டுல யாரும் திட்டல, பெரியப்பா மட்டும் கூப்பிட்டு உக்கார வச்சு, "பாட்டு கத்துக்க டிகிரி எதுக்கும்மா, அதான் டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வர்றியே, பி.காம் படி, சாயங்காலம் பாட்டு க்ளாஸ் போ"ன்னாரு. நியாயமான கேள்வி. அன்னைக்கு எங்கிட்ட பதில் இல்ல, அழுதேன், அழுதே சேந்துட்டேன். இப்ப அதே கேள்விய என்கிட்ட படிக்கிற பிள்ளைங்களோட அம்மாக்கள் கேக்குறாங்க. பதிமூணு வருஷத்துல நான் பாத்தத அப்படியே சொல்றேன்.

நான் படிச்சது சென்னைல ஒரு பெண்கள் கல்லூரி, மெயின் வாய்ப்பாட்டு, கூடவே வீணை, எங்க செட்ல 22 பேரு. சேரும்போது ஒரு வர்ணமும் ரெண்டு கீர்த்தனையும் பாடச் சொன்னாங்க. டிகிரின்னா மூணு வருஷம் பாடிக்கிட்டே இருக்கலாம்னு நெனச்சுத்தான் போனேன். பாதி நேரம் பாட்டு, மீதி நேரம் தியரி, அது போக தமிழ், இங்லீஷ், சுற்றுச்சூழல் எல்லாம் மத்த டிபார்ட்மெண்ட் மாதிரியே. பாட்டு க்ளாஸும் தனியா இல்ல, 22 பேரும் ஒண்ணா உக்காந்து சொல்லித்தர்றத திருப்பிப் பாடணும். வீட்டுல டீச்சர் முன்னாடி ஒத்த ஆளா பாடிப் பழகினவங்களுக்கு இது பெரிய மாத்தம், உங்க கமகம், அதான் ஸ்வரத்த ஆட்டி வளச்சுப் பாடுறது, எங்க சறுக்குதுன்னு அந்தக் கூட்டத்துல யாருக்கும் கேக்காது, உங்களுக்கே கேக்காது.

இதுல ரொம்ப முக்கியமா நான் சொல்ல வந்தது ஸ்ருதி பத்தி, ஏன்னா சேரும்போது இத யாருமே எனக்கு சொல்லல. ஒருத்தர் குரலுக்கு ஒத்துவர்ற ஆதார ஸ்ருதியோட உயரத்தத்தான் கட்டைன்னு சொல்வோம், எண் ஏற ஏற ஸ்ருதியும் ஏறும். என் குரலுக்கு நாலரை கட்டை. க்ளாஸ்ல முக்காவாசிப் பேருக்கு அஞ்சரை ஒத்துவரும், அதனால எப்பவும் அஞ்சரைல தம்புரா ஓடும். ஒரு கட்டைதானேன்னு தோணும், ஆனா மேல் ஸ்தாயி காந்தாரம் (மேல வர்ற க ஸ்வரம்) தாண்டினா எனக்கு அந்த ஒரு கட்டை மலை மாதிரி இருக்கும். பரீட்சைல அவங்கவங்க கட்டைல பாடலாம், அதுல பிரச்சனை இல்ல, ஆனா வருஷம் பூரா பழகினது வேற கட்டைல. ரெண்டாவது வருஷம் தீபாவளி சமயத்துல குரல் கட்டிக்கிச்சு, ஜலதோஷம்னு மிளகு கஷாயம் குடிச்சுக்கிட்டே மறுபடி போயி அஞ்சரைலயே பாடினேன், பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப மேல் ஷட்ஜத்துல (மேல் ஸ) வெறும் காத்துதான் வந்துச்சு. தொண்டை டாக்டர் ரெண்டு மாசம் பாடவே கூடாதுன்னுட்டாரு. ஊர் டீச்சர்கிட்ட போயி உக்காந்து அழுதப்ப அவங்க சொன்னது ஒண்ணுதான், "உன் கட்டை நாலரைடி. வாய மூடி உக்காந்தாலும் உக்காரு, அஞ்சரைல கத்தாத." அதுக்கப்புறம் க்ளாஸ்ல நான் மேல் ஸ்தாயி வர்ற எடத்துல எல்லாம் பாடாம கேட்டு நோட்ல குறிச்சுக்குவேன், ஹாஸ்டலுக்கு வந்து நாலரைல பாடிப் பாப்பேன். இத முதல் வருஷமே செஞ்சிருந்தா அந்த ரெண்டு மாசம் போயிருக்காது.

அடுத்தது வேகம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். நாலாவது செமஸ்டர்ல தோடி, பைரவி, காம்போஜி, சங்கராபரணம், கல்யாணி, இந்த அஞ்சுக்கும் ராக ஆலாபனை, அதாவது பாட்டு வரி இல்லாம ராகத்த சொந்தக் கற்பனைல விரிச்சுப் பாடுறது. தோடி காந்தாரத்த எழுதும்போது சாதாரண காந்தாரம்னு எழுதிட்டுப் போயிடுவோம், பாடும்போது அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும், கீபோர்டுல அந்த ஒரு கீய மட்டும் அமுக்கினா தோடியே வராது. அந்த ஒத்த ஸ்வரம் தொண்டைல உக்காரவே எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. செமஸ்டர் அதுக்குக் காத்திருக்காது. மனப்பாடம் பண்ணின ஆலாபனைய அஞ்சு நிமிஷம் பாடிட்டு மார்க் வாங்கிட்டு வந்த பரீட்சை எனக்கு இருக்கு, அத நெனச்சா இப்பவும் சங்கடமா இருக்கு. அதனாலதான் யார் கேட்டாலும் சொல்றேன், காலேஜ்ல சேந்தாலும் வெளிய ஒரு குருவ விடாதீங்க.

அப்ப டிகிரி எதுக்குன்னு கேப்பீங்க. டீச்சர் வீட்டுலயே இருந்திருந்தா எனக்கு கெடச்சே இருக்காதுன்னு சொல்ற விஷயங்கள் இருக்கு.

72 மேளகர்த்தாவ, அதாவது தாய் ராகங்கள, எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். ராகத்தோட பேர்ல முதல் ரெண்டு எழுத்த வச்சு அது எத்தனாவது மேளம்னு கண்டுபிடிக்கிற கடபயாதி கணக்கு முதல் வருஷமே வந்துரும், அதுல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. தீரசங்கராபரணம்னா தீக்கு 9, ரக்கு 2, திருப்பிப் போட்டா 29. தமிழ்ல எழுதிப் படிச்ச நான் இதுல சரியா மாட்டினேன். கரகரப்ரியாவுக்கு கவுக்கு 1, ரவுக்கு 2, திருப்பினா 21ன்னு எழுதினேன், 21 கீரவாணி! சமஸ்கிருதத்துல க வர்க்கத்துல நாலு க இருக்கு, கரகரப்ரியாவுல வர்றது ரெண்டாவது க, அதுக்கு எண் 2, அப்பதான் 22 வரும். நம்ம எழுத்துல நாலுக்கும் ஒரே க. அன்னைலேர்ந்துதான் சாகித்யத்துல (பாட்டு வரில) எழுத்துக்குப் பக்கத்துல சின்னதா 2, 3, 4ன்னு போட்டிருக்கறது எதுக்குன்னு புரிஞ்சு அத பாத்துப் பாட ஆரம்பிச்சேன், அதுவரைக்கும் தெலுங்குப் பாட்டுல எத்தனையோ வார்த்தைய தப்பா உச்சரிச்சுப் பாடிருக்கேன்.

தமிழிசைப் பேப்பர் எனக்கு உயிரு. சிலப்பதிகாரம் ஸ்கூல்ல படிச்சப்ப கண்ணகி வழக்குரைச்சது மட்டும்தான் தெரியும், அரங்கேற்று காதைய அடியார்க்கு நல்லார் உரையோட உக்காந்து படிச்சப்பதான் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு ஏழு ஸ்வரத்துக்கும் நம்ம மொழில பேரு இருந்தது தெரிஞ்சுது. தஞ்சாவூர்ல சித்த வைத்தியம் பாத்துக்கிட்டே ஆபிரகாம் பண்டிதர் 1917ல கருணாமிர்த சாகரம்னு அவ்ளோ பெரிய இசை ஆராய்ச்சி நூல வெளியிட்டாரு, மாயவரத்துலேர்ந்து தஞ்சாவூருக்கு எத்தன தடவ பஸ்ல போயிருக்கேன், அப்படி ஒருத்தர் இருந்ததே எனக்குத் தெரியாது. எம்.ஏ.ல சுப்பராம தீட்சிதரோட 1904 புத்தகமான சங்கீத சம்பிரதாய பிரதர்சினிலேர்ந்து ஒரு முத்துசுவாமி தீட்சிதர் கிருதிய கமகக் குறி பாத்துப் பாடக் குடுத்தாங்க. பல்லவிக்கு அடுத்து வர்ற ஒத்த அனுபல்லவிக்கு நாலு நாள் ஆச்சு. பாடி முடிச்சப்ப அது நான் டீச்சர்கிட்ட கத்துக்கிட்ட பாடாந்தரத்துலேர்ந்து (குரு வழியா வந்த பாடம்) நெறைய எடத்துல வேறயா இருந்துச்சு. எது சரின்னு டீச்சர்கிட்ட கேக்க பயமாத்தான் இருந்துச்சு. அவங்க முழுசா பாடச் சொல்லி கேட்டாங்க, ரெண்டு எடத்த மறுபடி பாடச் சொன்னாங்க, அப்புறம் "இத எனக்கும் எழுதிக் குடு"ன்னாங்க. எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

வேலை விஷயம் சுருக்கமா. முதல் வேலை ஒரு தனியார் ஸ்கூல்ல மியூசிக் டீச்சர், சம்பளம் 12,000. ஆண்டு விழான்னா தேவைப்படுவோம், மத்த நாள்ல நம்ம பீரியட கணக்கு டீச்சர் வாங்கிட்டுப் போயிடுவாங்க. காலேஜ்ல போகணும்னா எம்.ஏ.வோட காலேஜ் ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் இல்ல செட், இல்லனா பி.எச்.டி. வேணும். வானொலில பாடகர்களத் தரம் பிரிக்கிற ஆடிஷன்ல பி கிரேடு ரெண்டாவது தடவைதான் கெடச்சுது, அங்க டிகிரிய யாரும் பாக்கல, பாட்டத்தான் கேட்டாங்க, கச்சேரி நடத்துற சபாவும் அப்படித்தான். கச்சேரிக்காக மட்டும் டிகிரி படிக்கிறேன்னு சொல்றவங்க இத நல்லா யோசிச்சுக்கோங்க. 2020க்கு அப்புறம் என் வருமானத்துல பெரும்பங்கு ஆன்லைன் க்ளாஸ்தான். இன்டர்நெட்ல சத்தம் கொஞ்சம் தாமதமாத்தான் போகும், அதனால சேந்து பாடவே முடியாது, நான் பாடி நிறுத்தினதும் பிள்ளை பாடணும். தப்ப கேட்ட உடனே எந்த ஸ்வரம், தாளத்துல எந்த எண்ணிக்கைலன்னு சொல்ற பழக்கம் காலேஜ்ல பாட்ட ஸ்வரப்படுத்தி (ஸ்வரமா பிரிச்சு) எழுதி எழுதி வந்தது, அதுதான் இப்ப சோறு போடுது.

காலேஜ் குடுத்ததுல ஒண்ணே ஒண்ணுதான் வச்சுக்கணும்னா நான் தம்புராவ சொல்வேன். வீட்டுல எலெக்ட்ரானிக் பெட்டி, பட்டன தட்டினா ஸ்ருதி வந்துரும். டிபார்ட்மெண்ட்ல தஞ்சாவூர் தம்புரா நாலு இருந்துச்சு, காலைல க்ளாஸுக்கு முன்னாடி முறை வச்சு நாங்கதான் ஸ்ருதி சேக்கணும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம், நாலு தந்தி. தந்தி சுத்தியிருக்கற பிரடைய முறுக்கி ஒரு அளவுக்குக் கொண்டு வந்து, தந்தில கோத்திருக்கற மணிய நகத்தி நூலிழை வித்தியாசத்த சரி பண்ணி, அப்புறம் தந்திக்கும் அது மேல படுற குதிரைங்கற கட்டைக்கும் நடுவுல ஜீவா நூல மெல்ல தள்ளித் தள்ளி அந்த ரீங்காரம் பூக்குற எடத்துல நிறுத்தணும். எனக்கு மூணு மாசம் வரவே இல்ல. ஒரு நாள் வந்துச்சு, யாரும் பாடாமயே மந்தரத் தந்திக்குள்ளேர்ந்து காந்தாரம் கேட்டுச்சு. நான் எதையும் தொடாம அப்படியே உக்காந்திருந்தேன்.

முதல் நாலு வருஷ சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு பழைய தம்புரா வாங்கினேன், நாலரைலதான் சேத்து வச்சிருக்கேன். நேர்ல கத்துக்க வர்ற பிள்ளைங்க ஒம்பது பேரு. கட்டைய பாத்து மூணு குழுவா பிரிச்சு வேற வேற நேரத்துல வரச் சொல்லிருக்கேன், சில அம்மாக்களுக்கு அது அசௌகரியம், அக்காவும் தங்கச்சியும் ஒரே நேரத்துல வந்தா கூட்டிட்டுப் போக வசதின்னு கேக்குறாங்க. பெரியவளுக்கு அஞ்சு கட்டை, சின்னவளுக்கு ஆறு கட்டை. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.