கிராணி மேசை: ஏழு வருஷமும் ஒரு வலது கட்டையும்

“ஈப்போவில் ஒரு பழைய செக்ரட்டரி மேசை இருக்கு, 1,500 வெள்ளி சொல்றாங்க, வாங்கலாமா டீச்சர்?” என்று உடன் வேலை செய்யும் ஆசிரியை கேட்டார். கேட்ட நேரம்தான் சரியில்லை. அதற்கு முந்தின நாள் மாலைதான் இதே மாதிரியான என் மேசையின் மூடிக்கு வைத்தியம் பார்த்த தச்சருக்கு 280 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) எண்ணிக் கொடுத்திருந்தேன். “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அது நியாயமில்லை என்று தோன்றியதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுங்கை சிப்புட்டில் 2018-இல் வாங்கியது. 900 வெள்ளி, லோரிக் கூலி தனி. சாய்வான மூடி, திறந்து இறக்கினால் அதுவே எழுதும் பலகை, உள்ளே கடிதம் செருகும் குட்டி அறைகள், கீழே மூன்று பெரிய லாச்சி (இழுப்பறை). உங்களுக்குத் தெரிந்த சாமான்தான். விற்றவர் கூடவே ஒரு கதையையும் கட்டிக் கொடுத்தார்: துரையைச் சுட்டார்களே, அந்த ஆபீஸ் மேசையாம் இது. 1948 ஜூன் 16 காலையில் இதே ஊர்ப் பக்கத்து எல்ஃபில் ரப்பர் தோட்டத்து நிர்வாகி வாக்கர் துரை தம் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதும், சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டதும், அதையொட்டி மலாயாவில் அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீண்டதும் உண்மை. ஆனால் அந்தத் துரைக்கு எத்தனை மேசைதான் இருந்திருக்கும்? பழைய சாமான் விற்கிறவர்களிடம் நான் கேட்டவரைக்கும் நாலு. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கிறவர்களிடம் விற்றுவிட்டுப் போயின. அப்போது பங்களாவை விட்டு வெளியே வந்த சாமான்களில் ஒன்று என்று சொல்லியிருந்தால் பேசாமல் நம்பியிருப்பேன்.

கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். லாச்சியை உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். மூலைகளில் பலகையைப் புறா வால் போல வெட்டிக் கோத்திருப்பார்கள். வால்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் கை வேலை, அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவாக இருந்தால் இயந்திரம். என் மேசையில் முகப்பு தேக்கு, லாச்சியின் அடிப்பலகை மெராந்தி, இந்தப் பக்கத்துக் காட்டு மரம். கப்பலில் வந்த சீமைச் சாமான் என்றார்கள், மெராந்தியைப் பார்த்ததும் இந்தப் பக்கத்துத் தச்சர் கை என்று தெரிந்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான். மாவு மாதிரி தூள் கொட்டினால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள், உள்ளே வண்டு இருக்கிறது.

கீலையும் பாருங்கள். கூட்டல் குறி போட்ட திருகாணி முப்பதுகளில்தான் புழக்கத்துக்கு வந்தது. என்னுடையதில் இடது கீலில் பழைய ஒற்றைக் கோட்டுத் திருகாணி, வலது கீலில் கூட்டல் குறி. அதாவது எனக்கு முன்பே யாரோ வலது கீலைப் பிய்த்துவிட்டு மாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேசைக்குப் பெயர் வைத்தது மாமா, என் மாமனார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவர், பால்மரம் (ரப்பர்) சீவியவர். இறக்கி வைத்த அன்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது கிராணி மேசையாச்சே” என்றார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. இரண்டு வருஷம் அதன் நாற்காலியில் உட்காரவே இல்லை. சம்பள நாளில் இப்படி ஒரு மேசைக்கு முன்னால் நின்றுதான் அவருக்குப் பழக்கம்.

சரி, கட்டைக்கு வருகிறேன். மேல் லாச்சியின் இரு பக்கமும் செங்குத்தாக ஒவ்வொரு தாங்கு கட்டை உள்ளே செருகியிருக்கும். முதலில் இரண்டையும் வெளியே இழுக்க வேண்டும், அப்புறம்தான் மூடியை அவற்றின் மேல் இறக்க வேண்டும். இழுக்காமல் இறக்கிவிட்டுக் கையை ஊன்றினால் பாரமெல்லாம் கீலுக்குப் போகும், திருகாணி மரத்தோடு பிய்ந்து வரும். கிராணி ஒருவர் மட்டும் தொடுகிற மேசைக்கு இது சரிப்படும். நாலு பேர் புழங்கும் வீட்டில், ஒரு கையில் கோப்பியும் மறு கையில் கைப்பேசியுமாக வருகிறவர்களிடம் எத்தனை தடவைதான் “கட்டையை இழு, கட்டையை இழு” என்று கத்துவது?

இதில் மழை வேறு. மரம் நீளவாட்டில் ஊதுவது ஒன்றுமில்லை, குறுக்குவாட்டில்தான் ஊதும். கட்டையின் உயரம் மயிரிழை கூடினாலும் துளையில் இறுகிக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் தினமும் சாயங்கால மழை பிடித்ததும் வலது கட்டை அசையாது. இடது நல்ல பிள்ளை. வலது பக்கம் குளியலறைச் சுவர் என்பதால் மேசையை ஜன்னலோரம் மாற்றினேன், பலன் இல்லை. மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் ஒரு மழை நாளில் பொறுமை இழந்து, வீட்டு வேலைக்கு வந்த ஒருவரை இழைத்துவிடச் சொன்னேன். அது என் முட்டாள்தனம். ஈரத்தில் ஊதியிருந்த மரத்தை அந்த அளவுக்கு இழைத்ததால் பிப்ரவரி வெயிலில் அது சுருங்கி லொடலொடத்தது. மூடி வலது பக்கம் சரிந்து, வைத்த பென்சில் எல்லாம் உருண்டு விழுந்தது. கட்டையின் மேல் கம்பளித் துணி ஒட்டிச் சமன் செய்தேன். அடுத்த மழைக்கு அந்தத் துணியோடு சேர்ந்து இறுகிக்கொண்டது.

போன மாதம் சின்னவன் இடது கட்டையை மட்டும் இழுத்துவிட்டு மூடியை இறக்கி, முழங்கையை ஊன்றிப் பாடம் எழுதியிருக்கிறான். வலது கீல் பிய்ந்தது. புதுத் தச்சர் கிழிந்த இடத்தைச் செதுக்கி, தேக்குத் துண்டு வைத்து ஒட்டி, புதுத் துளை போட்டுக் கொடுத்தார். ஒட்டு எங்கே என்று தேடத்தான் வேண்டும். கட்டையையும் இழைக்கச் சொன்னேன். “மழை விடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மற்றக் குறைகள் சில்லறை. பலகை 78 சென்டிமீட்டர் உயரம், நாற்காலிக்கு ஒரு மெத்தை வேண்டும். மடிக்கணினி வயருக்கு வழியில்லை. பின்பலகையில் துளை போடுகிறேன் என்று கிளம்பிய வீட்டுக்காரரைத் தடுத்துவிட்டேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மூடியைத் தூக்கிவிட்டால் திருத்தாத நோட்டு, மின்சார பில் எல்லாம் மாயம். அப்புறம் அந்த இரண்டு தூண்கள். குட்டி அறைகளுக்கு நடுவே அலங்காரமாக நிற்பவை என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாம் வருஷம் தூசி தட்டும்போது ஒன்று கையோடு வந்தது. தூண் இல்லை, நெட்டுக்குத்தான ஒரு பெட்டி! உள்ளே துருப்பிடித்த பேனா முள்ளும், ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1945-ஆம் வருஷத்துச் சதுர ஒரு காசும். மாமாவிடம் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஆசிரியைக்கு என் பதில் மாறவில்லை: வாங்காதீர்கள். மீறிப் போவதென்றால் மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போய், இரண்டு கட்டையையும் பத்து தடவை இழுத்துப் பாருங்கள். என் மேசையை 1,200 வெள்ளிக்குக் கேட்டு வந்தவரிடம் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஐந்து நாளாக மழை. மாமாவின் கிளினிக் அட்டை அந்த அறைகளில் ஒன்றில் இருந்தது. காலையில் வீட்டுக்காரர் மூடியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க, நான் உள்ளே கையை விட்டு எடுத்தேன். “அப்படியே அந்தக் காசு இருக்கான்னு பாரும்மா” என்றார் மாமா. இருந்தது.