சூப்பர் மார்க்கெட் பார்க்கிங் நோட்டீஸ்: இங்கிலாந்தில் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நர்ஸ் வேலைக்கு, படிப்புக்கு, ஐ.டி. வேலைக்கு என்று இங்கிலாந்துக்கு வந்து, முதல் காரை வாங்கியிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வந்த மாதிரி ஒரு கடிதம் உங்களுக்கும் வந்திருக்கலாம், இனிமேல் வரலாம். அது வந்த அன்று விவரம் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் என் 60 பவுண்ட் போயிருக்காது.

போன வருடம் மார்ச் மாதம். அம்மா மதுரையிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலை, கிராய்டன் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். காய்கறி, பால், அரிசி எல்லாம் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் யாரோ சாப்பிட வருவதாகச் சொன்னார்கள். முட்டையும் கொத்தமல்லியும் வாங்க மறந்திருந்தோம். நாலு மணிக்கு முன்னால் நான் மட்டும் திரும்பப் போய், இருபது நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே இரண்டு மணி நேரம் வரை பார்க்கிங் இலவசம். எந்தத் தவறும் செய்யவில்லை என்பதால் அந்த நாளை மறந்தே போனேன்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. என் கார் காலை 10.08க்கு உள்ளே வந்து மாலை 4.12க்கு வெளியே போனதாம். மொத்தம் 6 மணி 4 நிமிடம். நுழையும்போது ஒரு படம், வெளியேறும்போது ஒரு படம், இரண்டிலும் என் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறது. 100 பவுண்ட் கட்ட வேண்டும், 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும். தலைப்பில் பெரிதாக பி.சி.என். என்று போட்டு, கீழே வழக்கு, கடன் வசூல், கோர்ட்டு என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது போலீஸ் கேஸா? உன் விசாவுக்கு ஒண்ணும் ஆயிடாதே?” என்றார். எனக்கும் அதே பயம்தான். அன்று இரவே கார்டில் 60 பவுண்ட் கட்டிவிட்டேன். கட்டி முடித்ததும் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வார்டில் ஓய்வு நேரத்தில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். இங்கே பல வருடமாக வேலை பார்க்கும் கேரளத்துச் சேச்சி ஒருவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். “நீ இரண்டு தடவை போனதை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். இதற்கு இங்கே டபுள் டிப் என்றே பெயர்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் கம்பத்தின் மேல் இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. முன்னால் ஒரு வேன் மறைத்தாலோ, பிளேட்டில் சேறு இருந்தாலோ படிக்காமல் விட்டுவிடும். நான் காலையில் வெளியே போனதும், மாலையில் மறுபடி உள்ளே வந்ததும் அதில் பதிவாகவில்லை. கணினி காலை நுழைவையும் மாலை வெளியேற்றத்தையும் சேர்த்து ஆறு மணி நேரமாக்கிவிட்டது.

என்னிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. வங்கிக் கணக்கில் ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டு தடவை பணம் போயிருக்கிறது. இரண்டு பில்லிலும் நேரம் அச்சாகியிருக்கிறது. என் ஃபோனில் நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் வீட்டில் இருந்ததற்கான பதிவு இருக்கிறது. இதையெல்லாம் எடுத்துக்கொண்டு பார்க்கிங் நிறுவனத்துக்கு எழுதினேன். பணம் கட்டியாகிவிட்டது, கட்டினால் நோட்டீஸை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், இனி முறையிட முடியாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. கடை மேனேஜரிடம் நேரில் போய்ப் பில்களைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர். “கட்டுவதற்கு முன்னால் வந்திருந்தால் நானே ஒரு மெயில் போட்டு ரத்து செய்திருப்பேனே” என்றார்.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். நமக்கு யாரும் சொல்லித் தராத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி.சி.என். என்ற மூன்று எழுத்தில்தான் குழப்பமே தொடங்குகிறது. கவுன்சில் தருவது பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ், அது சட்டப்படியான அபராதம். சூப்பர் மார்க்கெட், ரீடெய்ல் பார்க் (பல கடைகள் சேர்ந்திருக்கும் வளாகம்), ஜிம் போன்ற இடங்களில் தனியார் நிறுவனம் அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டுக்கும் சுருக்கம் ஒன்றே, காகிதமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தனியார் நோட்டீஸ் அபராதமே இல்லை. ‘பலகையில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதான் காரை நிறுத்தினாய், அந்த ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், அதற்கான பணத்தைக் கொடு’ என்று கேட்கும் ஒரு கோரிக்கை, அவ்வளவுதான். இதில் போலீஸ் இல்லை, குற்றமும் இல்லை. அம்மாவுக்கு அன்றைக்கே இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

நம் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்றால், டி.வி.எல்.ஏ. என்ற அரசு வாகனப் பதிவு அலுவலகம் ஒரு வண்டிக்கு 2.50 பவுண்ட் வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. இது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் சட்டப்படிதான் நடக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதில் விழுந்தவன் என் சித்தப்பா மகன். என் கதையைக் கேட்டபோது அவன், “அக்கா, இதெல்லாம் குப்பையில போடணும், தனியார்காரன் என்ன பண்ணிடுவான்?” என்று சொன்னான். இங்கே ரொம்ப நாளாக இருக்கும் நம் ஆட்கள் பலர் இன்னும் இதையேதான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. ஓட்டியது யார் என்று நிறுவனத்துக்குத் தெரியாவிட்டால், வண்டியின் சொந்தக்காரரிடம் பணம் கேட்க முடியாத நிலை இருந்தது. 2012ஆம் ஆண்டு சட்டம் அதை மாற்றிவிட்டது. அந்த வருடம் அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் இடங்களில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவது தடை செய்யப்பட்டது. அதே சட்டத்தில், ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பதிவில் பெயர் உள்ளவரிடமே கேட்கலாம் என்றும் வந்தது. நமக்குச் சாதகமான நிபந்தனை ஒன்று அதில் இருக்கிறது. கேமரா மட்டும் பார்த்து அனுப்பும் நோட்டீஸ், கார் நின்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் நம் கைக்கு வந்துவிட வேண்டும். தாமதமாக வந்தால் பதிவில் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்மிடம் கேட்க முடியாது. அதனால் கடிதம் வந்ததும் கவரின் மேலேயே தேதியை எழுதி வையுங்கள்.

அப்புறம் 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. செம்ஸ்ஃபோர்டில் ஒரு ரீடெய்ல் பார்க்கில் இரண்டு மணி நேரம் இலவசம். பீவிஸ் என்பவர் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தினார். 85 பவுண்ட் கேட்டது அநியாயம் என்று கடைசி வரை போராடித் தோற்றுப்போனார். பலகை பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தது, இடத்தில் கார்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நியாயமான தேவை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டுதான் இன்றும் நிறுவனங்கள் தைரியமாக வழக்குப் போடுகின்றன.

அந்தச் சித்தப்பா மகன், என் தம்பி, கோவென்ட்ரியில் படித்தபோது கார் வாங்கினான். வேலை கிடைத்து பர்மிங்ஹாமுக்கு மாறியபோது லைசென்ஸில் முகவரியை மாற்றினான். வி5சி என்ற லாக்புக்கில் (நம் ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி வண்டியின் பதிவுச் சான்று) மாற்றவில்லை. இரண்டும் தனித்தனி என்றே அவனுக்குத் தெரியாது. கோவென்ட்ரி வீட்டில் இருந்தபோது ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது, குப்பையில் போட்டுவிட்டான். அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் அந்தப் பழைய வீட்டுக்கே போயிருக்கின்றன. 100 பவுண்டோடு வசூல் செலவு என்று 70 சேர்ந்து 170 ஆனது. நார்தாம்ப்டனில் உள்ள சிவில் கோர்ட்டு மையத்திலிருந்து வந்த வழக்குப் படிவமும் அங்கேதான் போனது. கோர்ட்டுக் கட்டணம் 35, வக்கீல் செலவு 50, அதற்கு மேல் வட்டி. யாரும் பதில் போடாததால் தானாகவே அவனுக்கு எதிராகத் தீர்ப்பு ஆகிவிட்டது. இதற்குத்தான் சி.சி.ஜே., அதாவது கவுண்டி கோர்ட்டுத் தீர்ப்பு, என்று பெயர்.

அவனுக்கு இது எப்போது தெரிந்தது என்றால், கல்யாணம் நிச்சயமாகி ஒரு ஃபிளாட் வாடகைக்குக் கேட்டபோது. ஏஜென்ட் கடன் விவரத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார். சி.சி.ஜே.க்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டினால் கோர்ட்டுத் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். கட்டாவிட்டால் ஆறு வருடம் இருக்கும். அவனுக்குத் தெரிந்தபோது நாலு மாதம் ஓடிவிட்டது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டிருக்கிறான், அதற்கான கட்டணமே 303 பவுண்ட். தீர்ப்பில் கேட்ட தொகையைவிட இது அதிகம். அவன் அம்மாவிடம் நாங்கள் இன்னும் இதைச் சொல்லவில்லை.

லாக்புக்கில் முகவரி மாற்ற ஒரு பைசா செலவில்லை, இணையத்திலேயே முடிந்துவிடும். வீடு மாறியவர்கள் தயவுசெய்து இதை இன்றைக்கே செய்யுங்கள்.

எனக்கு இரண்டாவது நோட்டீஸ் அக்டோபரில் வந்தது. ஜிம் இருக்கும் ஒரு வளாகத்தில் மெஷினில் காசு கட்டும்போது, நம்பர் பிளேட்டில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஓ என்ற எழுத்தைத் தட்டிவிட்டேன். மெஷின் பணத்தை வாங்கிக்கொண்டு டிக்கெட்டும் கொடுத்தது. இரண்டு வாரத்துக்குள் ‘கட்டணம் கட்டவில்லை, 100 பவுண்ட்’ என்று கடிதம். இந்தத் தடவை நான் பயப்படவில்லை. டிக்கெட்டின் படத்தையும் வங்கிக் கணக்கில் பணம் போன வரியையும் இணைத்து, ஒரு எழுத்துத் தவறு என்று நாலே வரியில் அன்று இரவே எழுதினேன். பார்க்கிங் நிறுவனங்களின் சங்கங்கள் சேர்ந்து 2024இல் வெளியிட்ட நடத்தை விதியிலேயே இந்த மாதிரிச் சின்னத் தட்டச்சுத் தவறுகளுக்கு நோட்டீஸை ரத்து செய்ய வேண்டும் என்று இருக்கிறது. ஒன்பதாவது நாள் ரத்து என்று பதில் வந்தது.

அவர்கள் மறுத்திருந்தாலும் வழி இருக்கிறது. முதலில் 28 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். மறுத்தால், அந்த நிறுவனம் எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். (நம் ஊர் ஐ.ஏ.எஸ். இல்லை) என்ற மேல்முறையீட்டு அமைப்பிடம் போகலாம். எங்கே போவது என்று மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும். பாப்லாவுக்கு நாம் காசு கட்ட வேண்டியதில்லை. நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இலவச நேரமோ கட்டிய நேரமோ முடிந்த பிறகும் வெளியேறப் பத்து நிமிடச் சலுகை உண்டு, இரண்டு மூன்று நிமிடத் தாமதத்துக்கெல்லாம் நோட்டீஸ் வந்தால் விடாதீர்கள். வழக்குப் படிவமே வந்துவிட்டால் அதை ஒதுக்கி வைக்கவே கூடாது. 14 நாளுக்குள் கிடைத்தது என்று பதில் போட்டால்தான் வாதத்தை எழுத இன்னும் 14 நாள் கிடைக்கும்.

இப்போது நான் கடைக்குப் போனால் முதலில் பலகையைப் படம் எடுக்கிறேன். எல்லாக் கடைகளிலும் ஒரே நேரக் கணக்கு இல்லை, ஒரே கடையின் வேறு வேறு கிளைகளில்கூட மாறுகிறது. சில இடங்களில் உள்ளே இருக்கும் டேப்லெட்டில் வண்டி எண்ணைத் தட்டினால்தான் இலவசம். அந்த டேப்லெட் பெரும்பாலும் பூங்கொத்து விற்கும் இடத்துக்குப் பின்னாலோ, காபிக் கடையின் ஓரத்திலோ இருக்கிறது. ஒரே நாளில் இரண்டாவது தடவை போக நேர்ந்தால் இரண்டு பில்லையும் ஒரு மாதமாவது தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

தம்பியின் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. என்ன ஆனது என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.