செம்பு–பல்லேடியம் விகிதமா, ஒலிவின் நிக்கலா?

சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே மேக்னசைட் வெட்டப்படும் சாக் ஹில்ஸின் டியூனைட்டையும் (பெரும்பாலும் ஒலிவின் என்ற மக்னீசிய–இரும்புக் கனிமத்தாலான பாறை), நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் குரோமைட் (குரோமியத் தாது) அடுக்குகளையும் நிக்கலுக்காகவும் பிளாட்டினம் வகை உலோகங்களுக்காகவும் ஆராய முனையும் மாணவர்கள், இவ்விரு சோதனைகளில் எதற்கு மாதிரிகளை அனுப்புவது என்று தயங்குகிறார்கள்.

அறிவிப்பது:
விகிதம் – பாறைக்குழம்பிலிருந்து சல்பைடு (உலோகமும் கந்தகமும் சேர்ந்தது) பிரியும்போது, செம்பைவிடப் பல்லேடியம் (பிளாட்டினம் வகை உலோகம்) பன்மடங்கு மிகுதியாக அதில் சேர்வதால், புவி மூடகத்தில் (மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கில்) ஏறத்தாழ 7,000 ஆக உள்ள விகிதம் எஞ்சிய குழம்பில் உயர்ந்தும், சல்பைடு தேங்கிய பாறையில் பெரும்பாலும் தாழ்ந்தும் காணப்படும்.
ஒலிவின் – மக்னீசிய அளவுக்கு ஏற்ற நிக்கல் இல்லையெனில், அது சல்பைடுக்குள் சென்றிருக்கலாம். பிளாட்டினத்தைப் பற்றி நேரடியாக எதுவும் தெரியாது.

செலவு:
விகிதம் – பல்லேடியத்தை நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில் காண நிக்கல் சல்பைடு உருக்கு முறை (மாதிரியை உருக்கி உலோகங்களைச் சல்பைடில் திரட்டுவது) போன்றது தேவை, செலவு மிகும்.
ஒலிவின் – மெருகேற்றிய பாறைச்சீவலும் எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவியும் போதும்.

பாறையின் மாற்றமே என்னை மிகவும் கவலைப்படுத்துவது. சாக் ஹில்ஸில் ஒலிவின் பல இடங்களில் செர்பன்டைனாகவும் மேக்னசைட்டாகவும் மாறிவிட்டது. மாறாத மணிகளை நுண்ணோக்கியில் பொறுமையாகத் தேர்ந்தெடுக்காமல் அளந்தால் முடிவு பிழையாகும். செம்பும் சூடான நீர்மங்களால் இடம்பெயரக்கூடியது.

டியூனைட்டில் நிக்கலைத் தேடுவோர் ஒலிவினில் தொடங்கலாம். கடும் உருமாற்றம் கண்ட, அனார்த்தோசைட் (வெளிர்நிற ஃபெல்ஸ்பார் பாறை) மிகுந்த சித்தம்பூண்டிக்கு விகிதம் காணும் முழுப்பாறைப் பகுப்பாய்வே ஏற்றது. அங்கே குரோமைட்டோடு சேரும் பிளாட்டினம் வகை உலோகங்களான இரிடியத்தையும் ருத்தேனியத்தையும் உடன் அளப்பது அவசியம்.