பீ.பீ.யூ.வில் பிள்ளையின் கை: மலைநாட்டு அரச ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றி

நுவரெலியா மாவட்டத்தில் உள்ள ஓர் அரச ஆஸ்பத்திரியின் குறைமாதப் பிள்ளைகள் பிரிவைப் பற்றித்தான் எழுதுகிறேன், எங்கள் பக்கம் எல்லோரும் பீ.பீ.யூ. என்றுதான் சொல்வார்கள். குறையும் ஒன்று சொல்ல வேண்டியிருப்பதால் ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. சாப்பாடு, கட்டில், குளியலறை எல்லாம் மற்ற அரச ஆஸ்பத்திரிகளில் இருப்பது போலத்தான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிறந்த பிள்ளைக்குச் சேலைன் ஏற்றப் போடுகிற அந்தச் சின்னக் கெனுலாவை, அதாவது நரம்புக்குள் விடுகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை, அங்குள்ள மிஸ்மார், அதாவது தாதிமார், பார்த்துக்கொள்கிற விதம் இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் மகள் 33 வாரத்தில் பிறந்தாள், எடை 1.6 கிலோ. அந்த எடையில் பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இருக்காது, பாலையும் உடனே முழு அளவில் கொடுக்க முடியாது. அதனால் முதல் நாட்களில் தண்ணீரும் சீனியும் நரம்பு வழியாகத்தான் போக வேண்டும். முதல் நாளில் ஒரு கிலோவுக்கு 60 மில்லிலீட்டர் என்பது வழமையான கணக்கு, அவளுக்கு அது 96, அதாவது மணிக்கு வெறும் 4 மில்லிலீட்டர். நூற்றுக்குப் பத்து டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சீனித் தண்ணீர், பம்பில் சொட்டுச் சொட்டாகப் போகும், அதையும் நாங்கள் சேலைன் என்றுதான் சொல்வோம். அது நின்றால் பிள்ளையின் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும், கிருமிக்குக் கொடுக்கிற அன்டிபயோட்டிக் மருந்தும் நேரத்துக்குப் போகாது. அந்த வழி திறந்தே இருக்க வேண்டும் என்று அவர்கள் ஏன் அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவள் பிறந்தது வேறொரு சின்ன ஆஸ்பத்திரியில். அங்கிருந்து அம்பியுலன்ஸில் கொண்டுவந்தபோது கையில் கெனுலாவைப் போட்டு, விரலிலிருந்து முழங்கை வரைக்கும் பண்டேஜ் துணியால் சுற்றி அனுப்பியிருந்தார்கள். பார்க்கப் பத்திரமாகக் கட்டின மாதிரித்தான் இருந்தது. பீ.பீ.யூ.வில் எங்களை எடுத்த மிஸ், பெயர் ஊர் கேட்பதற்கு முன்னாலேயே அந்தத் துணியை வெட்டி எடுத்தார். உள்ளே புறங்கை வீங்கி, தோல் இறுகிப் பளபளவென்று வெளிறிப்போய் இருந்தது. சேலைன் நரம்புக்குள் போகாமல் சதைக்குள் இறங்கியிருக்கிறது, துணிக்கு மேலிருந்து பார்த்த யாருக்கும் அது தெரியவில்லை. உடனே ஏற்றுவதை நிறுத்தி, கெனுலாவைக் கழற்றி, கையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார்கள், டொக்டரும் வந்து பார்த்தார். நல்ல காலம், போய்க்கொண்டிருந்தது சும்மா டெக்ஸ்ட்ரோஸ். அதுவே கல்சியம் கலந்ததாக இருந்தால் தோல் வெந்து புண்ணாகி, சதையே அழுகிப்போகலாம் என்று பிறகு என் மதினி சொன்னார், அவர் கண்டிப் பக்கம் தாதியாக வேலை செய்கிறவர்.

என் மாமியார் அன்று பதறிப்போய் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், நம் வீடுகளில் வீக்கம் என்றால் முதலில் வருகிற வார்த்தை அதுதானே. பிறந்த பிள்ளைக்கு அதைச் செய்யவே கூடாது. நம் கைக்கு இதமாகப் படுகிற சூடே அந்தத் தோலைச் சுட்டுவிடும்.

புதுக் கெனுலா போட்டதைக் கிட்ட நின்று பார்த்தேன். மஞ்சள் நிறம், 24 கேஜ். இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லியது, இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு ஊதா நிறத்தில் 26 இருக்கிறது. நம் ஊர்க் குளிரில் பிள்ளையின் கைகால் சில்லிட்டிருந்தால் நரம்பு சுருங்கிப்போய் அகப்படாது, அதனால் முதலில் பிள்ளையைச் சூடாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். குத்துவதற்குச் சற்று முன்னால் என் சீம்பாலில் சில சொட்டு எடுத்து நாக்கில் விட்டார்கள், இனிப்பும் பாலும் வலியைக் குறைக்குமாம். அவள் முகத்தைச் சுளித்தாள், பெரிதாக அழவில்லை. பிறகு பஞ்சு வைத்த சின்னப் பலகையில் கையைப் படுக்க வைத்து, ஊசி இறங்கிய இடத்தின் மேல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஒட்டினார்கள். பிளாஸ்டரை கையைச் சுற்றி முழு வளையமாக ஒட்டவில்லை, கை வீங்கினால் அதுவே இறுக்கிவிடும். விரல் நுனிகள் ஐந்தும் வெளியே தெரிந்தன.

இதற்குப் பிறகு நடப்பதுதான் இந்த இடத்தின் உண்மையான சேவை. மணிக்கு ஒரு தடவை, இரவு இரண்டு மணியானாலும், ஒரு மிஸ் வந்து அந்தக் கையைப் பார்ப்பார், விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பார், மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், தாளில் எழுதுவார். சிவப்பு இருக்கிறதா, வெளிறியிருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா, படலத்துக்குக் கீழே ஈரம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். பம்பில்தான் அலாரம் இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு பார்வை என்று நான் கேட்டேன். மணிக்கு 4 மில்லிலீட்டர் மாதிரி மெதுவாகப் போகும்போது வழி அடைபட்டாலும் அலாரம் அடிக்க நேரமெடுக்கும், சேலைன் சதைக்குள் கசிந்தால் சில வேளை அலாரமே அடிக்காது, சதை இளகி இடம் கொடுக்கக் கொடுக்க பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும் என்றார்கள். அந்த மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வீங்கின கையைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. அந்தப் பிரிவில் ஒரு மிஸ்ஸுக்குப் பிள்ளைகளைச் சூடாக வைக்கிற பெட்டி எத்தனை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மணி தவறாமல் அந்தப் பார்வையைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று.

வழியைக் கழுவுகிற விதத்திலும் அதே கவனம்தான். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அரை மில்லிலீட்டரிலிருந்து ஒரு மில்லிலீட்டர் வரை சாதாரண சேலைனை, அதாவது உப்புத் தண்ணீரை, மெதுவாக விடுவார்கள். தடுத்தால் அழுத்தித் தள்ள மாட்டார்கள், அடைத்த வழியைப் பலவந்தமாகத் திறக்கப் பார்த்தால் நரம்பு உடையும், உறைந்த இரத்தக் கட்டியும் உள்ளே போகலாம். ஒவ்வொரு தடவையும் மூடியை அல்கஹோல் துணியால் 15 செக்கன் அழுத்தித் தேய்த்து, காயவிட்டுத்தான் சிரிஞ்சைப் பொருத்தினார்கள். மொத்தமாக அவள் உடம்பில் இருக்கிற இரத்தமே ஒரு தேநீர்க் கோப்பை அளவு, கிலோவுக்கு 80, 90 மில்லிலீட்டர்தான். அதில் ஒரு கிருமி போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் விடுவதில்லையா என்று மதினியிடம் கேட்டேன். தொப்புள் நாடியில் போடுகிற குழாய்க்கு மிகச் சிறிய அளவில் அதைச் சேர்ப்பார்களாம், அது நல்ல பலன் தரும். கையில் போடுகிற சின்னக் கெனுலாவுக்கு சேலைனே போதும், ஹெபரினில் அளவு ஒன்று தவறினால் இரத்தம் கசிகிற ஆபத்துப் பெரிது. சேலைனிலும் எதையாவது எடுத்து விட்டுவிட முடியாது. 1982இல் அமெரிக்காவில், கெட்டுப்போகாமலிருக்க பென்சைல் அல்கஹோல் சேர்த்த சேலைனால் குழாயைக் கழுவியதில் குறைமாதப் பிள்ளைகள் மூச்சுத் திணறி இறந்தது வெளியே வந்தது, அதிலிருந்துதான் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த மருந்து கலக்காத சேலைன் மட்டும் என்று ஆனது.

அப்புறம் இந்தக் கறுப்புக் கயிறு விஷயம். மாமியார் திருஷ்டிக்காக மகளின் மணிக்கட்டில் கட்டச் சொல்லிக் கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றதைப் பார்த்த மிஸ் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கை வீங்கினால் கயிறு இறுக்கும், அழுக்கும் சேரும், பெட்டிக்கு வெளியே கைப்பிடியில் கட்டிக்கொள்ளுங்கள் என்று சைகையும் பாதிச் சொல்லுமாக விளக்கினார். தேயிலைத் தோட்டத்திலிருந்து போகிற எங்களை மரியாதையாக நடத்துகிற இடம் என்பதற்கு எனக்கு அந்த ஒன்று போதும்.

அம்மாமார் கவனிக்க வேண்டியது: உள்ளே போகும்போது வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து, சவர்க்காரம் போட்டு ஒரு நிமிடமாவது தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் ஐஸ் மாதிரிக் குளிரும், அதற்காக அவசரப்பட வேண்டாம். பிள்ளையைத் தூக்கும்போது குழாய் இழுபடாமல் மிஸ்ஸிடம் பிடித்துத் தரச் சொல்லுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் எடுத்துக் கொடுப்பதை விடாதீர்கள், பால் கூடக் கூட சேலைன் குறையும், கெனுலாவும் அதற்கேற்ப சீக்கிரம் கழறும். அது எவ்வளவு சீக்கிரம் கழறுகிறதோ அவ்வளவுக்குக் கிருமிப் பயமும் குறைவு. செலவு என்று ஒன்றும் இல்லை, அரச ஆஸ்பத்திரி, பஸ் காசும் வெளியே சாப்பாட்டுக் காசும்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்பியுலன்ஸும் இலவசம், அவசரத்துக்குக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

இனி குறை. சுவரில் ஒட்டியிருக்கிற விளக்கம் எல்லாம் சிங்களத்தில். மிஸ்மாரில் அனேகமானோருக்குத் தமிழ் சில சொற்கள்தான் வரும். “அம்மே, பலன்ன” (அம்மா, பாருங்கள்) என்று கையைக் காட்டினால் பார்ப்போம், ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எது மாறினால் உடனே கூப்பிட வேண்டும் என்று புரிய வேண்டாமா? எனக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும், மதினியும் இருந்தார். பக்கத்துப் பெட்டிப் பிள்ளையின் அம்மா, மஸ்கெலியாப் பக்கத்துத் தங்கச்சி, கொழுந்து பறிக்கிறவள், கையில் வீக்கம் வந்ததைக் கண்டும் கூப்பிடப் பயந்து நின்றாள். நான்தான் போய்ச் சொன்னேன். அது மிஸ்மாரின் குறை இல்லை, தமிழ் தெரிந்த ஆட்களைப் போடாத, தமிழில் ஒரு தாள் அச்சடிக்காத மேலிடத்தின் குறை. ஊழியர்களில் தமிழ் தெரிந்த அக்கா ஒருவர் இருந்தார், அவர் வேலை நேரத்தில் எல்லா அம்மாமாரும் அவரையே சுற்றிக்கொண்டு நின்றோம்.

“வீக்கம், சிவப்பு, வெளிறல், குளிர்ச்சி, ஈரம், இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மிஸ்ஸைக் கூப்பிடுங்கள், இரவு என்றாலும் பரவாயில்லை” என்று ஒரே ஒரு தாள், பெரிய எழுத்தில், ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் இருந்தால் போதும். அதை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று வாட்டுப் பொறுப்பான சிஸ்டரிடம் சொன்னேன், டொக்டரிடம் காட்டிவிட்டு ஒட்டலாம் என்றார். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது எழுதிக்கொண்டு போகிறேன்.